கிரைண்டர் உள்ளேயே இருக்கும் எஸ்பிரெசோ மெஷின்: வாங்கலாமா, தனித்தனியாகப் போகலாமா?

#1 காலைத்தூக்கம்

கேப்ஸ்யூல் மெஷினை ஓரம் கட்டிவிட்டு, கொட்டையை வீட்டிலேயே அரைத்து எஸ்பிரெசோ போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தது சுலபம், அதற்குப் பிறகுதான் தலைவலி. வீட்டில் இரண்டு பேர். காலையில் இரண்டு கோப்பை, இரண்டுமே பால் சேர்த்தது. விடுமுறை நாளில் நான் மட்டும் பால் இல்லாமல் ஒன்று குடிப்பேன். சமையல் மேடையில் சிங்க்குக்கும் சுவருக்கும் நடுவே 40 செ.மீ. அகலம்தான் காலியாக இருக்கிறது, அதனால் கிரைண்டர் உள்ளேயே இருக்கிற மெஷின்தான் சரிப்படும் என்று நினைக்கிறேன்.

பார்த்து வைத்திருப்பவை: ப்ரெவில் பரிஸ்டா எக்ஸ்பிரஸ், அதே கம்பெனியின் பரிஸ்டா ப்ரோ (சில நாடுகளில் சேஜ் என்ற பெயரில் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது), டெலாங்கி லா ஸ்பெஷலிஸ்டா ஆர்ட்டே, லெலிட் அனிதா. அழுத்தம் ஒருவர் 15 பார் என்கிறார், இன்னொருவர் 20 பார் என்கிறார். எதில் பார் அதிகமோ அதை வாங்கிவிடலாமா?

#2 அரவைக்கல்

பார் எண்ணைப் பார்த்து மெஷின் வாங்குவது, ஸ்பீடோமீட்டரில் எழுதியிருக்கும் கடைசி எண்ணைப் பார்த்துக் கார் வாங்குவது மாதிரி. 15, 20 எல்லாம் பம்ப்பால் அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியும் என்பதற்கான கணக்கு. காபித்தூள் மேல் உண்மையில் விழ வேண்டியது சுமார் 9 பார். 1961-இல் ஃபேமா இ-61 வந்து, ஸ்பிரிங் லீவருக்குப் பதில் மோட்டார் பம்ப் பிடித்துக்கொண்ட காலத்திலிருந்தே அந்த 9-ஐச் சுற்றித்தான் எல்லாரும் நிற்கிறார்கள். அட்டைப்பெட்டியில் 20 என்று போட்டிருந்தால் விளம்பரத்துறை உழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மெஷின் தேடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், உண்மையில் தேட வேண்டியது கிரைண்டர். 18 கிராம் தூள் போட்டு, 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது எல்லாரும் தொடங்கும் கணக்கு. அந்த வினாடிகளை முடிவு செய்வது பெரும்பாலும் அரவைதான். ஒரு படி நைஸாகப் போனால் 40 வினாடி ஆகி நாக்கு வறளும், ஒரு படி கொரகொரப்பாகப் போனால் 18 வினாடியில் வெந்நீர் மாதிரி ஓடிப் புளிக்கும். அப்படியென்றால் அந்த இரண்டு படிக்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஆர்ட்டேவில் மொத்தமே 8 படி. பரிஸ்டா எக்ஸ்பிரஸில் வெளியே 16, மேல் பர்ரை (கொட்டையை அரைக்கும் பல் வட்டு) கழற்றித் திருப்பினால் உள்ளே இன்னொரு 10 நிலை. ப்ரோவில் 30. தனி கிரைண்டர்களில் படியே இல்லாமல் இஷ்டத்துக்குத் திருகுகிற மாதிரி நிறைய உண்டு.

என் கருத்தைக் கேட்டால், கிரைண்டர் இல்லாத நல்ல மெஷின் ஒன்று, தனி கிரைண்டர் ஒன்று. 40 செ.மீ. போதும், அளந்து பாருங்கள்.

#3 ஒருபொத்தான்

இதெல்லாம் எதற்கு? முழு ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். அரைப்பது, அழுத்துவது, இறக்குவது, சக்கையைத் தட்டுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: காபி இறக்கும் பகுதியை வெளியே எடுத்துக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். டெலாங்கி, ஃபிலிப்ஸில் எடுக்கலாம், ஜூராவில் எடுக்க முடியாது, மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெய் வழிகிற கருவறுப்புக் கொட்டை போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான், நான் கிளம்புகிறேன்.

#4 காலைத்தூக்கம்

ஒருபொத்தான், என் மனைவியும் உங்கள் கட்சிதான். ஆனால் எனக்குக் கையால் போட்டுக் கற்றுக்கொள்ள ஆசை. கேப்ஸ்யூலில் பொத்தானை அழுத்தி அழுத்திச் சலித்துவிட்டது. அரவைக்கல், நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் இரண்டு பெட்டி, இரண்டு ஒயர், மேடையெல்லாம் தூள்... யோசனையாக இருக்கிறது.

#5 பால்நுரை

நான் நான்கு வருடமாகப் பரிஸ்டா எக்ஸ்பிரஸ் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் எதிர்க்கட்சி வக்கீலாகப் பேசிக்கொள்கிறேன். அரவைக்கல் சொல்வது தப்பில்லை, ஆனால் அவர் காபியைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறார், நான் காலை ஆறரை மணிக்குப் பார்க்கிறேன். போர்ட்டாஃபில்டரை, அதாவது தூள் பிடிக்கும் கைப்பிடிக் கரண்டியை, தொட்டிலில் வைத்துத் தள்ளினால் அரைக்கிறது, டாம்பரால் அழுத்துகிறேன், பக்கத்திலேயே பூட்டுகிறேன். தூள் வழியில் பயணம் செய்வதே இல்லை. தட்டு ஈரத்துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது.

இதில் இருப்பது தெர்மோகாயில். தண்ணீர் குழாயில் ஓடும்போதே சூடாகிறது. காபி இறக்கி முடித்ததும் நீராவிக்கு மாற்றக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. நீராவியும் கடை மெஷின் மாதிரி சீறாது. இரண்டு கோப்பைக்கான பாலை நுரைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் இதுவே புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு வசதி என்பேன், மெதுவாக ஏறுவதால் முதல் சில வினாடியில் காற்றை விட்டு, அப்புறம் குழாயை உள்ளே இறக்கிச் சுழல விட நேரம் கிடைக்கிறது. 60 முதல் 65 டிகிரியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு போய்க் காய்ச்சிய வாடை வந்துவிடும். பாத்திரத்தின் அடியில் கை வைக்க முடியாமல் போகும் அந்த நொடிதான் எனக்கு அடையாளம்.

ஒன்று முக்கியம். பெட்டியில் இரண்டு வகை பாஸ்கெட் (போர்ட்டாஃபில்டருக்குள் தூள் நிற்கும் சல்லடைக் கிண்ணம்) வரும். அடியில் இரட்டைச் சுவர் உள்ளதைத் தூக்கி அலமாரிக்குள் போட்டுவிடுங்கள். கடைசியில் ஒரே ஒரு ஊசி ஓட்டை வழியாகக் காபியைப் பீய்ச்சுகிறது அது, அரவை எப்படி இருந்தாலும் மேலே நுரை வரும், பார்க்கக் க்ரீமா (நல்ல எஸ்பிரெசோவின் மேல் நிற்கும் பொன்னிற நுரை) மாதிரி இருக்கும். அரைத்து வாங்கிய தூளுக்கு அது சரி. கிரைண்டர் உள்ள மெஷினை வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்தினால் நீங்கள் செய்யும் தவறு எதுவும் கண்ணுக்கே தெரியாது, கற்றுக்கொள்ளவும் முடியாது.

#6 தராசுமுள்

எண்கள் பேசலாமா? உள்ளே இருக்கும் கிரைண்டர்களில் பெரும்பாலானவை நேரத்தைக் கணக்கிட்டுத்தான் நிறுத்துகின்றன, எடையைப் பார்த்து அல்ல. இத்தனை வினாடி ஓடினால் இத்தனை தூள் என்று ஒரு நம்பிக்கை. கொட்டை மாறினாலோ, ஹாப்பரில் (மேலே கொட்டை நிற்கும் தொட்டி) கொட்டை குறைந்து மேலிருந்து அழுத்தம் போனாலோ, நீங்கள் அரவையை ஒரு படி நைஸாக்கினாலோ, அதே வினாடியில் விழும் தூளின் எடை மாறிவிடும். அதனால் அரவையை மாற்றி ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெசோ) போடுகிறோம், வேகம் மாறுகிறது, அது அரவையால் மாறியதா எடையால் மாறியதா என்றே தெரியாமல் குழம்புகிறோம். புதியவர்கள் தொண்ணூறு ஷாட் வரை சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள், மெஷினுக்கு முன்னால் வாங்குங்கள். நின்ஜா லக்ஸே கஃபேயில் எடை பார்த்து அரைக்கும் தராசே உள்ளே இருக்கிறது, அந்த யோசனையை மற்றவர்களும் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, தேக்கம். அரைத்த தூளில் ஒரு கிராமோ இரண்டு கிராமோ பர்ருக்கும் வாய்க்கும் நடுவே தங்கிவிடும். நேற்றைய தூள் இன்றைய கோப்பையில் விழுகிறது. தினமும் ஒரே கொட்டை, ஒரே அரவை என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் படியை மாற்றியதும் முதலில் வரும் தூள் பாதி பழைய அரவை, அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை நம்புங்கள். இன்னொன்று, நைஸாக்கும்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே திருப்புங்கள். நின்றிருக்கும்போது திருப்பினால் பர்ருக்கு நடுவே மாட்டிய கொட்டைத் துண்டுகள் நெரிந்து இறுகிக்கொள்ளும்.

#7 திருகாணி

பழுது பார்க்கிற பக்கத்திலிருந்து.

ஒரே பெட்டி என்றால் ஒன்று கெட்டால் இரண்டும் போச்சு. என் சொந்த மெஷினே ஒன்று (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்) உத்தரவாதக் காலத்தில் கிரைண்டர் நின்றது. காபி இறக்கும் பகுதி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பத்து கிலோ பெட்டியை முழுதாகக் கட்டி அனுப்பி, ஐந்து வாரம் உடனடிக் காபித்தூள் குடித்தேன். அதைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் தொழில் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

என்னிடம் வருவதில் பாதிக்கு மோட்டார் சாகவில்லை. தூள் வெளியே வரும் வாய் அடைத்திருக்கும். எண்ணெய்ப்பசையுள்ள கொட்டை, மாதக்கணக்கில் சுத்தம் செய்யாத பர், இரண்டும் சேர்ந்தால் தூள் களிமண்ணாகிவிடும். மேல் பர்ரைக் கழற்றி வாரம் ஒருமுறை பிரஷ் போடுங்கள், வாயை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள், ஒயரைப் பிடுங்கிவிட்டு.

அடுத்தது தண்ணீர். இது கிரைண்டரைவிட அதிக மெஷினைக் கொன்றிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் சூடேற்றும் குழாயில் சுண்ணாம்பு படியும், குழாய் மெல்லியது, சீக்கிரம் அடைக்கும். வடிகட்டி போடுங்கள், கடினத்தன்மைக்கு ஏற்ற இடைவெளியில் டீஸ்கேல் செய்யுங்கள், அதாவது படிந்த சுண்ணாம்பைக் கரைத்து எடுங்கள். அதற்காகக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றாதீர்கள், காபி சப்பென்று இருக்கும். ப்ரெவிலில் சுமார் 200 ஷாட்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லி விளக்கு எரியும். அது டீஸ்கேலிங் விளக்கு இல்லை, பாஸ்கெட்டை அடைக்கும் குருட்டு வட்டும் மாத்திரையும் போட்டுப் பின்னோக்கிக் கழுவுவதற்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

#8 சும்மாவந்தவன்

பெயரைப் பார்த்தால் லெலிட் அனிதாவைத்தான் வாங்கத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி யாருமே பேசவில்லையே?

#9 திருகாணி

பேசலாம். நல்ல இரும்பு, சின்ன பாய்லர், உள்ளே திறந்தால் கை போகும், பாகங்களை மாற்றலாம். பாய்லர் என்பதால் சூடேறிச் சீராக நேரமாகும். காபி வெப்பத்திலிருந்து நீராவி வெப்பத்துக்கு ஏற்றிவிட்டுத் திரும்ப இறக்க வேண்டும். போர்ட்டாஃபில்டர் 57 மி.மீ., அது ஒரு அநாதை அளவு. கடைகளின் அளவு 58, அதற்கு டாம்பர், பாஸ்கெட், வலை எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. ப்ரெவிலின் 54-க்கும் இப்போது நிறைய வருகிறது. டெலாங்கியின் 51-க்கும் கிடைக்கும். 57-க்குத் தேட வேண்டும்.

#10 அரவைக்கல்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பால்நுரைக்குக் கோபம் வந்தாலும் சரி. இளவறுப்புக் கொட்டை என்றால் உள்ளே இருக்கும் கிரைண்டர் பல நேரம் தோற்றுவிடும். இளவறுப்பு கல் மாதிரி கெட்டி, கரையவும் அடம் பிடிக்கும், அதனால் இன்னும் நைஸாக வேண்டும். டயலில் 1-க்கு வந்த பிறகும் 36 கிராம் 15 வினாடியில் ஓடுகிறது என்று எத்தனை பேர் புலம்புகிறார்கள் தெரியுமா? உள் பர்ரைத் திருப்பியும் போதாமல், பர்ருக்கு அடியில் மெல்லிய வாஷர் வைத்து உயர்த்துகிறார்கள். புது மெஷினில் முதல் மாதமே அந்த வேலை தேவையா?

#11 பால்நுரை

கோபமெல்லாம் வரவில்லை. ஆனால் அந்தப் புலம்பலில் பாதி, கொட்டை பழசு என்பதால் வருவது. வறுத்த தேதியே போடாத பாக்கெட்டை வாங்கிவிட்டு, எவ்வளவு நைஸாக அரைத்தாலும் ஓடுகிறது, க்ரீமாவே இல்லை என்றால் கிரைண்டர் என்ன செய்யும்? வறுத்த கொட்டையில் கரியமிலவாயு இருக்கும், அது மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். வறுத்த மறுநாள் போட்டால் வாயு அதிகமாகிக் கொப்பளிக்கும், சில மாதம் கழித்துப் போட்டால் எதுவுமே மிஞ்சியிருக்காது. ஒரு வாரத்திலிருந்து நான்கு ஐந்து வாரத்துக்குள் என்பது என் பழக்கம். நடுத்தர வறுப்பு, புதுக் கொட்டை என்றால் என் மெஷினில் டயல் 5-க்கும் 8-க்கும் நடுவே நிற்கிறது. நான்கு வருடத்தில் வாஷர் எதுவும் வைத்ததில்லை. இளவறுப்பு என்றால் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன்.

#12 சும்மாவந்தவன்

கொட்டை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து அரைத்தால் தூள் ஒட்டாது என்று பார்த்தேன். உண்மையா, சும்மா கதையா?

#13 தராசுமுள்

உண்மைதான். அரைக்கும்போது துகள்களில் மின்னூட்டம் ஏறித்தான் அது பறக்கிறது, ஒட்டுகிறது, கட்டியாகிறது. கொட்டையில் ஈரம் இருந்தால் அந்த மின்னூட்டம் குறைகிறது என்று ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் அளந்தே காட்டினார்கள். ஆனால் அது, ஒரு ஷாட்டுக்கு வேண்டிய கொட்டையை மட்டும் எடை போட்டு, தெளித்து, உடனே அரைக்கிறவர்களுக்கு. கால் கிலோ கொட்டை நிற்கும் ஹாப்பருக்குள் தண்ணீர் தெளித்துவிட்டு மூடிவிடாதீர்கள், அப்புறம் திருகாணி வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஹாப்பர் என்றதும் ஒன்று கேட்க வேண்டும் என்று முதலிலிருந்தே நினைத்தேன். காலைத்தூக்கம், உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை வகைக் கொட்டை திறந்திருக்கும்?

#14 காலைத்தூக்கம்

ஒன்றுதான். நடுத்தர வறுப்பு, எங்கள் இருவருக்கும் பிடித்தது. மாற்றுகிற எண்ணம் இல்லை.

ஓ, இல்லை, இருங்கள். மனைவி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோப்பை குடிப்பார், அது டீகாஃப், கஃபீன் நீக்கிய காபி. கேப்ஸ்யூலில் வெறும் வேறு நிற டப்பி என்பதால் இதை ஒரு விஷயமாகவே நான் யோசிக்கவில்லை.

#15 தராசுமுள்

அட! முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

கேளுங்கள். ஹாப்பரில் காலைக் கொட்டை நிற்கிறது. இரவு டீகாஃப் வேண்டும். ஹாப்பரைக் கழற்றி, தொண்டையில் தங்கிய கொட்டையை ஓட்டி முடித்து, டீகாஃபை ஊற்றி, தேங்கிய தூளைத் தள்ள இன்னும் கொஞ்சம் அரைத்து வீசி, டீகாஃபுக்கு அரவை வேறாக இருக்கும் என்பதால் படியை மாற்றி, காலையில் இதையெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சில கிராம் குப்பைக்கு. தேங்கிய தூளைத் தள்ளாவிட்டால் உங்கள் மனைவியின் டீகாஃபில் கஃபீன் கலந்திருக்கும். தூக்கத்துக்காகக் குடிக்கிறவருக்கு அது பெரிய துரோகம்.

#16 அரவைக்கல்

இதைத்தான் நான் பதினான்கு பதிவுக்கு முன்னால் சொன்னேன். தனி கிரைண்டர். ஒற்றை ஷாட்டுக்குக் கொட்டை போடுகிற மாதிரி, தேக்கம் குறைந்த ஒன்று. காலையில் இது, இரவில் அது, படியைத் திருப்பினால் முடிந்தது. பாரட்சா என்கோர் இஎஸ்பி என்றால் டயலில் 1 முதல் 20 வரை எஸ்பிரெசோவுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். டிஎஃப்64 என்றால் 64 மி.மீ. தட்டைப் பர். மெஷின் பக்கம் காஜியா கிளாசிக் மாதிரி 58 மி.மீ. ஒன்று. நாளைக்குக் கிரைண்டரை மட்டும் மாற்றலாம், மெஷினை மட்டும் மாற்றலாம்.

#17 பால்நுரை

அந்த மெஷினில் நீராவிக்கு மாற்றி, திரும்பக் குளிர வைத்து, காலையில் இரண்டு பால் கோப்பை போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கிளாசிக் நல்ல மெஷின், ஆனால் பொறுமை கேட்கும். இவர் பெயரே காலைத்தூக்கம்!

எனக்குத் தோன்றுவது வேறு. காலை இரண்டு கோப்பைக்கும் கிரைண்டர் உள்ள மெஷின். இரவு ஒரே ஒரு டீகாஃபுக்குக் கையால் சுற்றும் கிரைண்டர். கிங்கிரைண்டர் கே6 மாதிரி ஒன்று, ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான் நகரும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஒன்ஸ்பிரெசோ ஜே-அல்ட்ரா, ஒரு கிளிக்குக்கு 8. ஒரு ஷாட்டுக்குச் சுற்ற ஒரு நிமிடம், கொஞ்சம் கூடலாம். அலமாரியில் படுத்துக்கொள்ளும். இரவில் சத்தமும் இல்லை.

#18 அரவைக்கல்

கைக்கிரைண்டர் எப்படியும் வாங்குகிறார் என்றால், உள்ளே இருக்கும் கிரைண்டருக்கு எதற்குக் காசு? கணக்கு இடிக்கிறதே. அந்தக் கைக்கிரைண்டரே உள்ளே இருப்பதைவிட நன்றாக அரைக்கும். ப்ரெவிலிலேயே கிரைண்டர் இல்லாத பம்பினோ இருக்கிறது, அதே 54 மி.மீ., கட்டிலில் கூட வைக்கலாம் அவ்வளவு சின்னது.

#19 பால்நுரை

காலை ஆறரைக்கு இரண்டு முறை 18 கிராம் கையால் சுற்றுங்கள், ஒரு மாதம் கழித்து வந்து அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

#20 காலைத்தூக்கம்

சண்டை போடாதீர்கள், இரண்டு பேர் சொன்னதையும் எழுதி வைத்துக்கொண்டு மேடையில் அளவு எடுத்தேன். அரவைக்கல் சொன்னபடி இரண்டு பெட்டியும் அகலத்தில் அடங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரும் சொல்லாத ஒன்று தெரிந்தது: உயரம். மேலே அலமாரி. ஹாப்பர் மூடியைத் திறந்து கொட்டை ஊற்றவும், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியை மேலே தூக்கவும் இடம் வேண்டும். ஹாப்பர் உள்ள எந்த மெஷினை வைத்தாலும் தினமும் முன்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

#21 திருகாணி

அடியில் வழுக்கும் பாய் ஒன்று போடுங்கள். வாங்குவதற்கு முன் அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் வைத்து ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் செய்தேன்.

#22 காலைத்தூக்கம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பரிஸ்டா ப்ரோ வாங்கிவிட்டேன், கூடவே இரவுக்கு ஒரு கைக்கிரைண்டர். காரணம் ஒன்றுதான், எக்ஸ்பிரஸைவிட இது சீக்கிரம் சூடாகிறது, மூன்று வினாடி என்கிறார்கள், நீராவிக்கும் உடனே மாறுகிறது. எக்ஸ்பிரஸில் இருக்கும் அழுத்தமானி இதில் இல்லை, அது ஒரு குறைதான், முள்ளைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

முதல் வாரம் அவமானம். 18 கிராம் போட்டு 36 கிராம் 14 வினாடியில் ஓடியது. பயந்துபோய் ஒரேயடியாக ஐந்து படி நைஸாக்கினேன், அடுத்தது 50 வினாடிக்குச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. தராசுமுள் சொன்ன மாதிரி எடையை மட்டும் 18-லேயே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக வந்து, இப்போது 28 வினாடியில் நிற்கிறது. டீகாஃபுக்கு எத்தனை கிளிக் என்று கைக்கிரைண்டரின் பெட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு புதிர். தினமும் காலையில் முதல் கோப்பை புளிக்கிறது. இரண்டாவது அருமை. அதே கொட்டை, அதே எடை, அதே 28 வினாடி. தேக்கத் தூள்தான் காரணம் என்று நினைத்து முதலில் அரைப்பதில் கொஞ்சம் வீசியும் பார்த்தேன், மாற்றமில்லை. முதல் கோப்பை மனைவிக்குப் போவதால் வீட்டில் கேப்ஸ்யூலின் புகழ் பாடப்படுகிறது. அவசர உதவி தேவை.

#23 திருகாணி

மூன்று வினாடியில் சூடாவது தண்ணீர். போர்ட்டாஃபில்டர்? அது ஒரு கைப்பிடி இரும்பு, ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. 93 டிகிரியில் கிளம்பிய தண்ணீர் அந்த இரும்பைத் தொட்டதும் சூட்டை அதற்குக் கொடுத்துவிடுகிறது, தூளுக்கு வருவது குறைந்த சூடு, அதனால் சரியாகக் கரையவில்லை, புளிப்பு. முதல் ஷாட் இரும்பைச் சூடாக்கிவிடுவதால் இரண்டாவது நன்றாக இருக்கிறது.

தூள் போடாமல் வெறும் பாஸ்கெட்டைப் பூட்டி ஒரு இரட்டை ஷாட் தண்ணீர் விடுங்கள், கோப்பையிலேயே விடுங்கள், கோப்பையும் சூடாகும். துடைத்துவிட்டு அப்புறம் அரையுங்கள். ஈரம் இருந்தால் தூள் ஓரத்தில் ஒட்டும், அதனால் நன்றாகத் துடைக்க வேண்டும்.

#24 அரவைக்கல்

ஆக மூன்று வினாடி மெஷினுக்கும் முன்னால் ஒரு நிமிட வேலை. விளம்பரத்துறை மறுபடி உழைத்திருக்கிறது.

#25 காலைத்தூக்கம்

செய்தேன், இரண்டு நாளாகச் செய்கிறேன். முதல் கோப்பையும் இரண்டாவது மாதிரியே இருக்கிறது. என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் குடித்தார், எங்கள் வீட்டில் அது பாராட்டு. கேப்ஸ்யூல் மெஷின் நேற்று மேடையிலிருந்து பரணுக்குப் போய்விட்டது. தூக்கிப் போடவில்லை, டீஸ்கேல் செய்யும் நாளுக்கு இருக்கட்டும் என்றார்.

திருகாணி, ஒரு கடைசிக் கேள்வி. அந்த வழுக்கும் பாயை மெஷினின் நான்கு காலுக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டலாமா, முழுதாக ஒன்று போட வேண்டுமா? இழுக்கும்போது முன் கால் மாட்டுகிறது.

#26 திருகாணி

முழுதாக ஒன்று. காலுக்குத் தனித்தனியாக ஒட்டினால் போர்ட்டாஃபில்டரைப் பூட்டத் திருப்பும்போது மெஷினும் கூடவே திரும்பும்.